பிரியாணிக்கு அட்டைப் பெட்டி சரி, குழம்புக்கு வேண்டாம்

டர்பன் மொத்தக் கடைகளில் ‘எக்கோ’ என்று பச்சை எழுத்தில் அச்சடித்த பழுப்பு அட்டைப் பெட்டிகள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன. கல்யாணச் சமையல் எடுப்பவர்கள், கோவில் அன்னதானக் குழுக்கள், டேக்அவே கடைகள் என்று சாட்ஸ்வர்த்திலிருந்து டோங்காட் வரை பலரும் போம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டிக்குப் பதிலாக இதைக் கேட்கிறார்கள். இங்கே பார்ப்பது ஒரு லிட்டர் அளவு: மூடி நாலு பக்கமும் மடங்கி, நாக்கு பிளவில் செருகிக்கொள்ளும் வகை. பிரியாணி, புளிச்சாதம், வடை, இனிப்பு ஆகியவற்றுக்கு நல்ல பெட்டி. குழம்புக்கும் பருப்புக்கும் வேண்டாம். மரத்திலிருந்து வந்தது, தானாக மண்ணோடு போய்விடும் என்று நம்பி மட்டும் வாங்கவே வேண்டாம்.

முதலில் தராசில் வைத்துப் பாருங்கள். பத்துப் பெட்டியைச் சேர்த்து நிறுத்து, பத்தால் வகுத்தால் ஒன்று 24 கிராம் அளவில் வரும். விரித்தால் சுமார் 700 சதுர சென்டிமீட்டர் அட்டை. சதுர மீட்டருக்கு 330 கிராம் அட்டை, அதன்மேல் 18 கிராம் பாலிஎத்திலீன் பூச்சு என்பது இந்த வகையில் வழக்கமான கணக்கு. அப்படியானால் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்றேகால் கிராம் பிளாஸ்டிக் இருக்கிறது. அதே கொள்ளளவுள்ள போம் பெட்டி இதில் பாதி எடைகூட இருக்காது. போம் நொறுங்கி வெள்ளை மணிகளாக அம்கேனி ஆற்றோடு ப்ளூ லகூன் கரைக்கு வந்து சேர்வதைப் பார்த்தவர்கள் அதைக் கைவிட விரும்புவது முழுக்க நியாயம். ஆனால் ஒரு பெட்டிக்கு இரண்டு மடங்குக்கும் மேலான பொருளைச் செலவழித்துத்தான் அந்த நன்மையை வாங்குகிறோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆயிரம் பெட்டிக்கு 23 கிலோ நார் தேவை. கிராஃப்ட் முறையில் மரச்சில்லுகளை எரிசோடாவும் சோடியம் சல்ஃபைடும் கலந்த கரைசலில் 160–170 டிகிரியில் வேகவைக்கிறார்கள். மரத்தை இறுக்கிப் பிடித்திருக்கும் லிக்னின் அதில் கரைந்துவிடும். மரத்தில் ஏறக்குறையப் பாதிதான் நாராகத் தேறும். ஆகவே 23 கிலோ நாருக்கு 46 கிலோ உலர்ந்த மரம், வெட்டிய ஈரத்தோடு நிறுத்தால் கிட்டத்தட்ட 90 கிலோ. மீதிப் பாதி கருங்கரைசலாக ஆலையின் கொதிகலனிலேயே எரிந்து நீராவியாகிறது. இது இந்தத் தொழிலின் உண்மையான பலம்; ஆலைக்கு வேண்டிய வெப்பத்தில் பெரும் பங்கு மரத்திலிருந்தே கிடைக்கிறது. கிராஃப்ட் ஆலைகளைச் சுற்றி அடிக்கும் அழுகிய முட்டை வாடை அந்தச் சல்ஃபைடால் வருவது.

தென்னாப்பிரிக்காவில் காகிதத்துக்கு வெட்டுவது தோட்டத்தில் நட்ட யூகலிப்டஸும் பைனும். காட்டை அழித்தார்கள் என்ற குற்றச்சாட்டு இங்கே பொருந்தாது. தண்ணீர்தான் பிரச்சினை. இந்த மரங்கள் ஓடைக்குப் போகவேண்டிய நீரைக் குடித்துவிடுகின்றன. அதனால்தான் 1998ஆம் ஆண்டின் தேசிய நீர்ச் சட்டம் வணிக மரத்தோட்டத்தை ஓடை நீரைக் குறைக்கும் செயல் என்று வகைப்படுத்தி உரிமம் கேட்கிறது. உங்கள் பெட்டியின் அட்டை உள்ளூரா, இறக்குமதியா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பொறுப்பாக வளர்த்து வெட்டிய மரம் என்று சான்று சொல்லும் எஃப்.எஸ்.சி. முத்திரை இருந்தால் அதன் கீழே உரிம எண்ணும் இருக்க வேண்டும். எண் இல்லாத மர முத்திரை வெறும் படம்.

‘நூறு சதவீதம் மறுசுழற்சி அட்டை’ என்று போட்ட பெட்டியை, கேட்பதற்கு நன்றாக இருந்தாலும், உணவு நேராகத் தொடும் இடத்துக்கு வாங்காதீர்கள். பழைய செய்தித்தாள் மையில் உள்ள கனிம எண்ணெய் மறுசுழற்சி நாரில் தங்கிவிடும். அது ஆவியாகி உலர்ந்த அரிசிக்குள்கூட ஏறும். மெல்லிய பாலிஎத்திலீன் பூச்சு அதை முழுக்கத் தடுக்காது. மறுசுழற்சி அட்டைக்கு உரிய இடம் வெளிப் பெட்டி, அதாவது ஐம்பது ஐம்பதாகக் கட்டி வரும் நெளியட்டைப் பெட்டி.

இனி பெட்டி எங்கே தோற்கிறது என்று பார்ப்போம். மூலையை விரித்துப் பாருங்கள். நல்ல பெட்டியில் மூலை வெட்டப்படாமல், ஒரே தாளாக உள்பக்கம் மடிந்து முக்கோணக் காதுபோல் ஒட்டியிருக்கும். அட்டையின் வெட்டு விளிம்பு உணவைத் தொடாது. மலிவான பெட்டியில் மூலையை வெட்டி, ஒரு பட்டையை மேலே ஒட்டியிருப்பார்கள். அந்த விளிம்பில் பூச்சு கிடையாது. வெறும் நார் திறந்து கிடக்கிறது. குழம்பின் நீர் விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அதில் ஏறும். முதலில் மூலையில் நகக்கண் அளவு கறுப்பு, பிறகு அடிப்பக்கம் முழுக்க ஈரம், கடைசியில் தூக்கும்போது அடி தொங்கிவிடும். புளிக்குழம்பும் சுகர் பீன்ஸ் கறியும் இதைச் சீக்கிரம் செய்யும், ஏனென்றால் இரண்டிலும் தெளிந்த நீர் அதிகம். கெட்டியான பிரியாணியில் விளிம்பு வரை போக நீர் இருக்காது.

அடுத்தது சூடு. பாலிஎத்திலீன் பூச்சு 105–115 டிகிரியில் உருகும். கொதித்த குழம்பு 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் அது உருக்காது. ஆனால் 170–180 டிகிரி எண்ணெயிலிருந்து எடுத்த வடையை வடிதட்டில் ஆறவைக்காமல் நேராகப் போட்டால், தொட்ட இடத்தில் பூச்சு சுருங்கிப் புள்ளி புள்ளியாகத் திறந்துகொள்ளும். அந்த வழியில் எண்ணெய் அட்டைக்குள் இறங்கும். ஐந்து நிமிடம் ஆறவிட்டால் போதும். பிரியாணியையும் தம் உடைத்தவுடன் அடைக்காமல், ஆவி அடங்கிய பிறகு அடைத்தால் மூடி நீர்கோத்துத் தொய்வதில்லை. மூடியில் ஆவித்துளை உள்ள பெட்டி கிடைத்தால் அதையே எடுங்கள்.

உள்ளே இருப்பது என்ன பூச்சு என்று கடையில் சரியாகச் சொல்லமாட்டார்கள், வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். இரண்டு விரல் அகலத் துண்டை வெந்நீரில் அரைமணி ஊறவைத்து, மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓட்டி, கண்ணாடிக் குவளையில் ஊற்றி வெளிச்சத்தில் பாருங்கள். நார் எல்லாம் கஞ்சியாகி, மெல்லிய கண்ணாடித் தாள்போலத் துணுக்குகள் தனியே மிதந்தால் அது பிளாஸ்டிக் படலம். துணுக்கே இல்லாமல் கஞ்சியாகிவிட்டால் அது நீர்வழிப் பூச்சு, அதாவது நீரில் கலந்து தடவிய பூச்சு. அது சாதாரணக் கூழ்த்தொட்டியிலேயே கரையும் என்பதால் மறுசுழற்சிக்கு மிக நல்லது. சூடான குழம்பைத் தாங்கும் நேரம் மட்டும் குறைவு. உலர்ந்த உணவுக்கு அதைத்தான் முதலில் பரிந்துரைப்போம்.

மூன்றாவது வகை பி.எல்.ஏ. எனும் சோளப் பிளாஸ்டிக் பூச்சு. விலை அதிகம். 55–60 டிகிரியிலேயே இளகிவிடும், நம் சாப்பாட்டுக்கு அது போதாது. ‘மக்கும்’ என்று எழுதியிருப்பது 58 டிகிரி அளவில் காக்கும் தொழிற்சாலை உரக்குழியைக் கணக்கில் வைத்து எழுதியது. வீட்டுத் தோட்டக் குழியில் அட்டை போய்விடும், படலம் கிடக்கும்.

அட்டைக்குப் பதில் கரும்புச்சக்கைப் பெட்டி எடுக்கலாமா என்றால், குழம்புக்கு அது மேல். நேட்டாலின் கரும்பு நிலத்தில் வாழ்கிறவர்களுக்குச் சக்கை என்றாலே ஒரு பிரியம் இருக்கும். ஆனால் எண்ணெய் ஊறாமல் இருக்கக் கரும்புச்சக்கை போன்ற வார்ப்பு நார்ப் பொருள்களில் பீஃபாஸ் எனும் ஃப்ளோரின் வேதிப்பொருள்களைச் சேர்க்கும் வழக்கம் இருந்தது. உடம்பிலும் மண்ணிலும் நீரிலும் சிதையாமல் தங்குகிறவை அவை. டென்மார்க் 2020 ஜூலையிலிருந்து உணவுக் காகிதத்திலும் அட்டையிலும் அவற்றைத் தடை செய்திருக்கிறது. படலப் பூச்சே இல்லாத பெட்டியில் ஒரு சொட்டுச் சமையல் எண்ணெய் ஒருமணி நேரம் ஊறாமல் முத்தாக நின்றால் சந்தேகப்படுங்கள். ‘ஃப்ளோரின் சேர்க்காதது’ என்று எழுத்தில் வாங்காமல் பெரிய ஆர்டர் கொடுக்காதீர்கள்.

சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அசல் கணக்கு. மறுசுழற்சிக்கான ஆரஞ்சுப் பை எடுக்கும் தெருக்களில் பலர் எண்ணெய்ப் பெட்டியையும் அதில் போடுகிறார்கள். எண்ணெய் கூழில் கலந்தால் நார் ஒன்றோடொன்று பிடிக்காது, புதுக் காகிதத்தில் கறை விழும். சோறு ஒட்டிய பெட்டி பூசணம் பிடித்துப் பக்கத்தில் உள்ள நல்ல அட்டையையும் கெடுக்கும். தெருவில் அட்டை பொறுக்கி விற்றுப் பிழைப்பவருக்கு ‘கே4’ எனப்படும் சுத்தமான நெளியட்டைக்குத்தான் நல்ல விலை. கலப்படம் ஆனால் அவர் கூலிதான் குறையும். ஆகவே வெளிப் பெட்டியைத் தட்டையாக்கி, நனையாமல் தனியாகக் கட்டிக் கொடுங்கள். எண்ணெய் பட்ட உள்பெட்டி குப்பைக்குத்தான். அங்கே மண்ணுக்கடியில் காற்றில்லாமல் அழுகும் நார் மீத்தேன் விடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு வெப்பம் பிடிக்கும். மரியன்ஹில், பிசாசர் சாலைக் குப்பைக் கிடங்குகளில் அந்த வாயுவைக் குழாயில் இழுத்து மின்சாரம் எடுத்திருக்கிறார்கள். ஆனாலும் குழாய்க்கு அகப்படாத பங்கு எப்போதும் உண்டு.

சேமிப்பு விஷயத்தில் ஒன்றை மறக்க வேண்டாம். தைப்பூசக் காவடி வருவது டர்பனின் புழுக்கமும் மழையும் கூடிய மாதங்களில். கோவில் பின்கட்டில் சிமெண்டுத் தரையில் அடுக்கிய அட்டை ஈரம் குடித்து விறைப்பை இழக்கும், நாக்கு பிளவில் நிற்காது. மரப்பலகை மேல் வைத்து, கட்டுகளை அன்றன்றைக்கு மட்டும் பிரியுங்கள்.

குழம்புக்கு என்ன செய்வது? கோவிலில் பந்தி நடத்த முடிந்தால் வாழை இலை. அதற்கு ஈடு எதுவும் இல்லை. வீட்டுக்கு எடுத்துப் போகிறவர்களிடம் டிபன் பாத்திரம் கொண்டுவரச் சொல்லி அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். பாத்திரம் இல்லாமல் வருகிறவர்களுக்கு மட்டும், பிரியாணி போன்ற கெட்டி உணவுக்கு, எதிர்பார்க்கும் கூட்டத்தில் கால்பங்குக்குப் பெட்டி வாங்குங்கள். அதிலும் ஒரு லிட்டருக்குப் பதில் 750 மில்லி அளவை எடுங்கள். ஒரு ஆள் சாப்பாட்டுக்கு அது போதும், ஒவ்வொரு பெட்டியிலும் அட்டையும் மிச்சமாகும்.