லவ்கிராஃப்டின் சிறுவயதைக் காமிக்ஸ் ஆக்குதல்: உள்ளது உள்ளபடியா, பெயர் மாற்றிய புனைவா?

திகில் எழுத்தாளர் ஒருவரின் அல்லலுற்ற குழந்தைப் பருவத்தைச் சித்திரக்கதையாக்க முனைபவருக்கு மூன்று வழிகள் இருக்கின்றன. பெயர், ஊர், ஆண்டு எதையும் மாற்றாமல் வாழ்க்கை வரலாறாகவே வரையலாம். ஊரையும் காலத்தையும் வைத்துக்கொண்டு, பெயர்களை மட்டும் மாற்றி, அந்தக் குழந்தை கனவில் கண்டவற்றைக் கதைக்குள் மெய்யாகவே நடமாட விடலாம். அல்லது நிகழ்ச்சிகளின் கோவையை மட்டும் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் நம் ஊருக்கே கொண்டுவந்துவிடலாம். கும்பகோணத்தில் இருந்துகொண்டு, இங்குள்ள கவின்கலைக் கல்லூரியில் படித்த ஓவிய நண்பரோடு சேர்ந்து, நான் இரண்டாவது வழியில் இறங்கியிருக்கிறேன். ஆகவே இந்த அலசலில் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். மற்ற இரண்டையும் ஏன் விட்டோம் என்பதைக் கூடியவரை நியாயமாகச் சொல்ல முயல்கிறேன்.

யாருடைய குழந்தைப் பருவம் என்ற கேள்விக்கு எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. எட்கர் ஆலன் போவின் தாய் 1811 டிசம்பரில் இறந்தபோது போவுக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. துயரம் பெரிதுதான், ஆனால் குழந்தையின் கண்ணால் பார்த்ததாக வரைவதற்கு அதில் ஏதுமில்லை. அமெரிக்காவின் ரோட் தீவு மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் 1890 ஆகஸ்ட் 20 அன்று பிறந்த ஹெச்.பி. லவ்கிராஃப்டோ, தம் சிறுவயதைப் பற்றிக் கடிதம் கடிதமாக எழுதித் தள்ளியவர்.

அவர் பிள்ளைப் பிராயத்தின் சுருக்கம் இது. வெள்ளிச் சாமான் நிறுவனம் ஒன்றின் பயண விற்பனையாளராக இருந்த தந்தைக்கு 1893 ஏப்ரலில், சிகாகோ விடுதி ஒன்றில் இருந்தபோது, சித்தம் கலங்குகிறது. பிராவிடன்ஸின் பட்லர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர் 1898 ஜூலையில் அங்கேயே இறக்கிறார். தாயும் பிள்ளையும் தாய்வழித் தாத்தா விப்பிள் பிலிப்ஸின் பெரிய வீட்டுக்கு வந்து சேர்கிறார்கள். 1896 ஜனவரியில் பாட்டி இறக்க, தாயும் அவர் சகோதரிகளும் கறுப்புத் துக்க உடையில் வீட்டுக்குள் நடமாடுகிறார்கள்; அதைக் கண்டு மிரண்ட பிள்ளைக்குக் கொடுங்கனவுகள் தொடங்குகின்றன. முகமே இல்லாத, வழவழத்த கறுப்பு உடலும் கொம்பும் வௌவால் இறகும் கொண்ட உருவங்கள் அவனை வானத்தில் தூக்கிச் சென்றன. அவன் அவற்றுக்கு ‘நைட்கான்ட்’ என்று பெயரும் வைத்தான். ஆங்கிலக் கவிஞர் மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ காவியத்துக்குப் பிரெஞ்சு ஓவியர் தோரே வரைந்த படங்களைப் புரட்டியதன் விளைவாக அவை இருக்கலாம் என்று பிற்காலத்தில் அவரே ஊகித்தார். 1904இல் தாத்தா இறக்க, செல்வம் கரைந்து, அவன் பிறந்ததும் வளர்ந்ததுமான அந்த வீடு கைவிட்டுப் போகிறது.

இதை உள்ளது உள்ளபடி வரைவதன் கவர்ச்சி வெளிப்படையானது. ‘உண்மைக் கதை’ என்ற சொல்லுக்கு வாசகரிடம் உள்ள மதிப்பும், நிகழ்ச்சிகள் தாமே கதையாக அமைந்து கிடப்பதும் சிறிய லாபங்கள் அல்ல. உடை, விளக்கு, குதிரைவண்டி ஆகியவற்றைச் சரியாகத் தேடி வரையும் உழைப்பு இரண்டாவது வழிக்கும் பொதுவானது என்பதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. உரிமைச் சிக்கல் ஒன்று மட்டும் உண்டு. 1937இல் மறைந்த அவர், வாழ்நாளில் அச்சிட்ட கதைகள் இந்தியச் சட்டப்படி எப்போதோ பொதுவுடைமையாகிவிட்டன. ஆனால் சிறுவயதைப் பற்றிப் பேசும் கடிதங்களில் பல, 1965க்கும் 1976க்கும் இடையில்தான் நூல் தொகுதிகளாக வெளிவந்தன. ஆசிரியர் இறந்தபின் வெளியாகும் ஆக்கங்களுக்கு, வெளியான ஆண்டை வைத்தே 60 ஆண்டுக் காலம் கணக்கிடப்படுகிறது. வாழ்க்கைச் செய்திகளை யாரும் எடுத்தாளலாம். கடித வாசகங்களை அப்படியே வசன பலூன்களில் நிரப்பும் எண்ணமிருந்தால், வழக்கறிஞர் ஒருவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு இதில் அனுபவம் போதாது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது இவற்றில் எதுவும் அல்ல. படத்தால் ‘இருக்கலாம்’ என்று சொல்ல முடியாது என்ற ஒன்றுதான் தீர்மானித்தது. அதை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்.

லவ்கிராஃப்டின் தாய், தம் மகன் பார்க்கச் சகிக்காத முகம் கொண்டவன் என்றும், அதனால்தான் அவன் யார் கண்ணிலும் படாமல் ஒளிகிறான் என்றும் பேசினார் என்பது, பக்கத்தில் வசித்த பெண்மணி ஒருவர் பல ஆண்டுகள் கழித்துச் சொன்ன செய்தி. அதே பெண்மணி, இருட்டும் வேளையில் கட்டடங்களின் பின்னாலிருந்தும் மூலைகளிலிருந்தும் விசித்திர உருவங்கள் பாய்ந்து வருவதாக அந்தத் தாய் சொன்னதையும் நினைவுகூர்ந்தார். உரைநடையில் எழுதுபவருக்கு இதில் தொல்லையே இல்லை. ‘என்று ஒருவர் சொல்கிறார்’ என்று முடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடலாம். சித்திரக்கதையில் அந்தத் தாய்க்கு ஒரு முகம் வேண்டும். அந்த முகத்தில் ஒரு வாய் வேண்டும். அந்த வாய் வெறுப்பில் கோணியிருக்கிறதா, நோயில் தளர்ந்திருக்கிறதா, பிள்ளைமேல் உள்ள பயத்தில் இறுகியிருக்கிறதா என்பதைத் தூரிகை முடிவு செய்தே ஆக வேண்டும். அந்தக் கட்டத்தைப் பென்சிலில் போட்டு அழித்து, மறுபடி போட்டு அழித்த பிறகு நண்பர் கேட்டார்: “அண்ணே, ‘சொன்னாங்களாம்’ங்கிறதுக்கு நான் எந்த வாயை வரையறது?” உதட்டின் இடது முனையை ஒரு மயிரிழை கீழே இழுத்தால் அவர் கொடுமைக்காரி, அதையே மேலே விட்டால் அவர் நோயாளி. 1921இல் பட்லர் மருத்துவமனையிலேயே உயிர்விட்ட ஒரு பெண்ணைப் பற்றி, அவர் பெயரையும் போட்டு, இந்த இரண்டில் ஒன்றை அடித்துச் சொல்ல எங்களுக்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

தந்தையைப் பொறுத்தவரை இந்த இடர் இன்னும் கூடுதல். இறப்புக் காரணமாகப் பதிவாகியிருப்பது மூளையைச் சிதைக்கும் பொதுப் பக்கவாதம். அது மேகநோயின் (சிபிலிஸ்) முற்றிய நிலை என்பது, 1913இல் நொகுச்சி, மூர் என்ற ஆய்வாளர்கள் அந்நோயாளிகளின் மூளையில் கிருமியைக் கண்டறிந்த பிறகே ஐயமற உறுதியானது. எனவே 1893இல் அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு எவ்வளவு தெரியும், எதை அறிந்து மறைத்தார்கள் என்பது திறந்த கேள்வி. அப்பாவுக்குப் பக்கவாதம் என்றுதான் பிள்ளை கடைசிவரை எழுதினார். வாழ்க்கை வரலாற்றுக் காமிக்ஸில் கூடத்தில் உட்கார்ந்து பேசும் தாத்தாவின் பார்வை ஒன்றை வரைந்தாலே போதும். அவருக்குத் தெரியும் என்றோ தெரியாது என்றோ நாங்கள் சாட்சி சொன்னவர்களாகிவிடுவோம். விளக்கப் பெட்டியில் ‘கற்பனைக் காட்சி’ என்று சிறிய எழுத்தில் போடலாமே என்றால், போடலாம். வாசகர் மனத்தில் நிற்பது முகம்தான், பெட்டி அல்ல.

பெயரை மாற்றியதும் இந்தச் சுமை பெருமளவு இறங்கிவிடுகிறது. எங்கள் கதையின் தாய் வேறொருத்தி. அவள் வாயை வரைய நாங்கள் யாரிடமும் கணக்கு ஒப்பிக்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய லாபம் இன்னொன்று: பிள்ளை கண்டதையும் தாய் கண்டதையும் ஒரே பக்கத்தில் சேர்த்து வரைய முடிகிறது. மெய் வாழ்க்கையில் இவை இரண்டும் தனித்தனிச் செய்திகள். ஒன்று மகனின் கடிதத்தில் இருக்கிறது, மற்றது அக்கம்பக்கத்தாரின் நினைவில் இருக்கிறது. புனைவிலோ, மாடிப்படி மூலையில் நிற்கும் முகமில்லாத உருவத்தைப் பிள்ளை பார்க்கிறான். பார்க்காதவளைப் போல் அம்மா அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறாள். அவள் ஏன் சுற்றிக்கொண்டு போக வேண்டும் என்று ஓரிரு கட்டங்கள் தாண்டிய பிறகே வாசகருக்கு உறைக்கிறது. எங்கள் கதையின் முதுகெலும்பே இந்தப் பக்கம்தான்.

மூன்றாவது வழியை, அதாவது கதையைக் காவிரிக்கரைக்குக் கொண்டுவருவதை, நண்பர்கள் பலர் வற்புறுத்தினார்கள். அதற்கு ஒரு பக்கம் அருமையாக அமையவும் செய்தது. இருட்டைக் கண்டு அஞ்சிய ஐந்து வயதுப் பேரனைத் தாத்தா வீட்டின் இருண்ட அறைகள் வழியாக ஒவ்வொன்றாக நடக்கவிட்டு அச்சத்தைப் போக்கினார் என்று லவ்கிராஃப்ட் எழுதியிருக்கிறார். தஞ்சைப் பக்கத்துப் பழைய வீடு இதற்கென்றே கட்டியதுபோல் இருக்கும்: திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று நேர்கோட்டில் போகும் நிலைகளை அப்படியே கட்டங்களாக்கிவிடலாம். ஆனால் மறு பக்கத்தில் கதை முறிந்துவிடுகிறது. கறுப்பு உருவங்கள் பிறந்தது கறுப்புத் துக்க உடையிலிருந்து. நம் பக்கத்தில் இழவு வீட்டின் நிறம் வெள்ளை. வெள்ளையிலிருந்து பிறப்பது வெள்ளைச் சேலைப் பேய்தான். அதை நம் சினிமா தேய்த்துத் தேய்த்துச் சாயம் போக்கிவிட்டது. உடையின் நிறத்தை மாற்றினால் உருவத்தை மாற்ற வேண்டும், உருவத்தை மாற்றினால் அது யாருடைய கனவு என்ற கேள்வி வரும். அதன் பிறகு லவ்கிராஃப்டின் சிறுவயதைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டிய தேவையே இல்லை. நேராகவே ஒரு கும்பகோணத்துப் பேய்க்கதை எழுதிவிடலாம். அது வேறு வேலை.

ஊரை மாற்றாமலேயே டெல்டாக்காரனுக்குக் கை பழகிய இடம் ஒன்று இந்தக் கதைக்குள் இருக்கிறது. தாத்தா பிலிப்ஸின் செல்வம் முடங்கிக் கிடந்தது பாசனத்தில். இடாஹோ மாநிலத்தில் புரூனோ ஆற்றில் அணை கட்டி வாய்க்கால் வெட்டும் நிறுவனம் ஒன்றை நடத்தினார். 1890இல் வெள்ளம் அணையை அடித்துக்கொண்டு போக, மீண்டும் கட்டினார். 1904இல் மறுபடியும் வெள்ளச் சேதம் வந்து, அந்த அதிர்ச்சியை ஒட்டியே அவர் உயிர் போனது. இதைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். உடைப்பு என்றால் என்னவென்று தெரிந்தவருக்கு அது ஒரு வரிச் செய்தி அல்ல. 2018 ஆகஸ்டில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பக்கத்து மதகுகளில் 9 அடித்துச் செல்லப்பட்டதை நாம் பார்த்தோம். கரை உடையும்போது முதலில் தண்ணீர் பெருகுவதில்லை. கரையின் வெளிப்புறத்து அடியில் சேற்று ஊற்றாகக் கசியும். பிறகு மேல் மண் சத்தமில்லாமல் ஒரு சாண் உள்வாங்கும். அதன்பின்தான் கரை பிளக்கும். இந்த வரிசையைக் கட்டம் கட்டமாக நண்பர் எந்த மாதிரிப் படமும் பார்க்காமல் வரைந்தார். அணைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு கண்டமே இருக்கிறது என்பதால், பிள்ளை அதை ஒருநாளும் பார்க்கவில்லை. எங்கள் புனைவில் மட்டும், அந்தச் சேற்று ஊற்று பிராவிடன்ஸ் வீட்டின் நிலவறைத் தரையில் கசிகிறது. வாழ்க்கை வரலாற்று வழியில் இதற்கு இடமே கிடைத்திருக்காது.

நாங்கள் தேர்ந்த வழியின் குறைகளையும் மறைக்கலாகாது. அரக்கர்களை மெய்யாக்கிவிட்டால் தாயின் நோய்க்கு அவர்களே காரணம் என்று வாசகர் எளிதாக முடிச்சுப் போட்டுவிடுவார். மனநோயைப் பேயின் வேலை என்று நம்பி மந்திரிக்க அழைத்துப் போகும் வழக்கம் இன்றும் உள்ள இடத்தில் அது விளையாட்டான காரியமன்று. இதனால்தான் அந்த உருவங்கள் யாரையும் தொடுவதோ எதையும் நிகழ்த்துவதோ இல்லை, பார்த்துக்கொண்டு மட்டும் நிற்கின்றன என்று விதி வைத்துக்கொண்டோம். அந்த விதி கதை முழுக்கத் தாங்குமா என்பது நூல் முடிந்த பிறகே தெரியும்.

இன்னொரு குறை இதைவிடக் கூர்மையானது. லவ்கிராஃப்ட் கடுமையான இனவெறுப்பு கொண்டவர். 1912இல் கறுப்பின மக்களை இழித்து ஒரு பாட்டு எழுதியவர். சிறுவயதில் அவர் செல்லமாக வளர்த்து 1904இல் இழந்த கறுப்புப் பூனையின் பெயரே ஒரு வசைச்சொல். வாழ்க்கை வரலாறு எழுதுபவர் இதை நேருக்கு நேர் எதிர்கொண்டே ஆக வேண்டும். பெயர் மாற்றியவர், பூனைக்கும் வேறு பெயர் வைத்து, கதையைப் பிறந்த வீட்டை விட்டு வெளியேறுவதோடு முடித்து, மொத்தத்தையும் தாண்டிப் போய்விடலாம். பரிதாபத்துக்குரிய பிள்ளை மட்டும் மிஞ்சுவான். இந்த ஒரு விஷயத்தில் முதல் வழியே நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மற்றவை சில்லறை விஷயங்கள். வண்ணமா கறுப்பு-வெள்ளையா என்பதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. சிவகாசியில் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதிலிருந்து கறுப்பு மையிலேயே பழகிய வாசகர் கூட்டம் இங்கே உண்டு, அச்சுச் செலவும் குறைவு, கறுப்பு உடைக்கும் கறுப்பு உருவத்துக்கும் இடையே கோடு போடாமல் மையை வழியவிடும் வசதியும் அதில்தான் இருக்கிறது. வண்ணத்தில் இக்கதை எப்படி வரும் என்று நாங்கள் செய்து பார்த்ததில்லை.

எது நடந்தது, எது நாங்கள் கட்டியது, பெயர் மாறிய அந்த மனிதர் பிற்காலத்தில் எப்படிப்பட்டவரானார் என்பதையெல்லாம் சொல்லும் ஒரு குறிப்பு நூலில் இருக்க வேண்டும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. நண்பர் அதை முதலிலேயே வைத்துவிட வேண்டும் என்கிறார். கடைசிப் பக்கங்களை யாரும் படிப்பதில்லை என்பது அவர் வாதம். முன்னால் வைத்தால் மாடிப்படி மூலைப் பக்கத்தின் அச்சம் அங்கேயே செத்துவிடும் என்பது என் வாதம். இப்போதைக்குக் குறிப்பு பின்னால் இருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் அது முன்னால் நகர்ந்தாலும் நகரலாம்.