"70 சதவீத வெற்றி" என்று சொல்லித்தான் எனக்கு இரண்டு கருக்களை வைத்தார்கள்

கடந்த ஆண்டு ஒரு கருத்தரிப்பு மையத்தில் நானும் என் கணவரும் ஐவிஎஃப் சிகிச்சை (முட்டையையும் விந்தணுவையும் உடலுக்கு வெளியே சேர்த்துக் கரு உருவாக்கும் முறை) பெற்றோம். இனி அப்படியோர் அறையில் போய் உட்காரப் போகிறவர்கள், நான் கேட்காமல் விட்ட கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் சந்திப்பில் ஆலோசகர் ஓர் அச்சிட்ட தாளை எங்கள் முன் வைத்து, அதில் 70 சதவீதம் என்றிருந்த இடத்தைப் பேனாவால் இரண்டு முறை வட்டமிட்டார். "உங்கள் வயதுக்காரர்களுக்கு எங்கள் வெற்றி விகிதம் இது" என்றார். அப்போது எனக்கு வயது 34. பத்துப் பேர் சிகிச்சைக்கு வந்தால் ஏழு பேர் குழந்தையோடு வீடு திரும்புகிறார்கள் என்றே நாங்கள் எடுத்துக்கொண்டோம். அவரும் அதைத் திருத்தவில்லை.

ஆனால் அந்த எண் கருமாற்றம், அதாவது உருவான கருவைக் கருப்பைக்குள் வைக்கும் கட்டம், வரை வந்து சேர்ந்தவர்களை மட்டுமே கணக்கில் கொண்டது. ஊசி போடத் தொடங்கியும் முட்டை கிடைக்காதவர்கள், முட்டை கிடைத்தும் கரு உருவாகாதவர்கள், உருவான கரு ஐந்தாம் நாளைத் தாண்டாதவர்கள் ஆகியோர் அதில் இல்லவே இல்லை. வெற்றி என்று அவர்கள் எண்ணியதும் குழந்தை பிறப்பை அன்று. கருமாற்றத்துக்குப் பின் எடுக்கும், கர்ப்ப ஹார்மோனை அளக்கும் பீட்டா எச்சிஜி இரத்தப் பரிசோதனை நேர்மறையாக வந்தாலே அது வெற்றி. ஸ்கேனில் இதயத்துடிப்பு தெரிவது அதற்கு அடுத்த படி, உயிருடன் குழந்தை பிறப்பது அதற்கும் அடுத்தது. ஒவ்வொரு படியிலும் எண்ணிக்கை குறைந்துகொண்டே போகும் என்பதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

எனக்கு 11 முட்டைகள் எடுத்தார்கள். 9 முதிர்ந்தவை, 7 கருவுற்றன, ஐந்தாம் நாளில் 3 கருக்கள் பிளாஸ்டோசிஸ்ட் எனப்படும், கருப்பையில் வைக்கத் தகுந்த வளர்ச்சி நிலையை எட்டின. கருவுற்றவற்றில் ஏறத்தாழப் பாதிதான் அந்த நிலைக்கு வரும் என்பதால், இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. குறை அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது.

கருமாற்றத்தன்று, ஸ்கேனில் கருப்பை தெளிவாகத் தெரிவதற்காக, சிறுநீர்ப்பை நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு அறுவை அரங்கின் வாசலில் படுத்திருந்தேன். அடக்க முடியாத அந்த நிலையில்தான் செவிலியர் ஒப்புதல் படிவத்தை நீட்டினார். மாற்றப்படும் கருக்களின் எண்ணிக்கை என்ற இடத்தில் "2" என்று முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது. ஏன் இரண்டு என்று கேட்டேன். "ஒன்று வைத்தால் வாய்ப்பு பாதியாகிவிடும், எல்லோரும் இரண்டுதான் வைக்கிறார்கள்" என்றார். படுத்தபடியே கையெழுத்துப் போட்டேன். சற்று நேரத்தில் திரையில் ஒரு வெண்புள்ளி மின்னியது. அதைப் பார்த்து அழுதேன்.

வாய்ப்பு பாதியாகும் என்பது உண்மையன்று. 36 வயதுக்குட்பட்ட பெண்களிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் செய்யப்பட்டு 2004-இல் வெளியான ஆய்வில், இரண்டு கருக்களை ஒரே நேரத்தில் வைத்தவர்களில் 42.9 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது. ஒன்றை வைத்து, அது பலிக்காவிட்டால் உறைய வைத்த இன்னொன்றை அடுத்து வைத்தவர்களில் அது 38.8 சதவீதம். அதே வேளையில், இரண்டு வைத்தவர்களின் பிரசவங்களில் 33.1 சதவீதம் ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்த பல்கருப் பிரசவங்கள். ஒவ்வொன்றாக வைத்தவர்களில் அது 0.8 சதவீதம் மட்டுமே. இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கு மேல் 37 வாரம் நிறைவதற்கு முன்பே பிறந்துவிடுகின்றன. தாய்க்கும் இரத்த அழுத்தம், நீரிழிவு போன்ற சிக்கல்கள் கூடுகின்றன. வயது கூடியவர்களுக்கும் பலமுறை தோற்றவர்களுக்கும் மருத்துவர் இரண்டு வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கலாம். நான் அந்த வகையில் இல்லை. ஒவ்வொன்றாக வைத்திருந்தால் எனக்கு மூன்று முயற்சிகள் கிடைத்திருக்கும். ஒரே நாளில் அவை இரண்டாகச் சுருங்கின.

பதினான்காம் நாள் பீட்டா 62 என்று வந்தது. இரண்டு நாள் கழித்து ஏற வேண்டிய எண் 48 ஆக இறங்கியது, அடுத்த வாரம் ஒன்றுமில்லை. மறுசந்திப்பில், எங்கே தவறியது என்று கேட்டபோது அதே ஆலோசகர், "உங்களுக்குப் பாசிட்டிவ் வந்ததே, எங்கள் கணக்கில் இது வெற்றிதான்" என்றார். அவர் வட்டமிட்ட 70-இல் என் இழப்பும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது.

செலவிலும் இதே கதைதான். "முழு பேக்கேஜ்" என்று சொன்ன தொகையில் ஊசி மருந்துகள் இல்லை, கருவை உறைய வைப்பது இல்லை, ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சேமிப்புக் கட்டணம் இல்லை, உறைகருவைப் பின்னர் மாற்றுவதற்கான கட்டணமும் இல்லை. கடைசியில் சொன்ன தொகையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் கட்டினோம். கரு நன்றாக ஒட்டும் என்று சொல்லி, கருப்பை உட்சவ்வைக் கீறிவிடும் ஸ்கிராட்சிங்கையும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். 1,364 பெண்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான ஆய்வில், கீறியவர்களிலும் கீறாதவர்களிலும் குழந்தை பிறந்தது ஒரே அளவு, 26.1 சதவீதம். வலியையும் பொறுத்துக்கொண்டு, அதற்குப் பணமும் கொடுத்தேன்.

மீதமிருந்த ஒரு கருவை வேறு மையத்துக்கு மாற்றித் தரும்படி கேட்டோம். கரு ஆய்வக அறிக்கையைத் தருவதற்கே ஆறு வாரம் இழுத்தடித்தார்கள். வந்த தாளில் கருக்களின் தரக்குறியீடு நிரப்பப்படவில்லை. அதனால் அறிக்கையை முட்டை எடுத்த வாரத்திலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எத்தனை கரு வைப்பது என்பதைப் படுக்கையில் அல்ல, சில நாள் முன்னதாக மருத்துவரின் எதிரில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள்.

புதிய மையத்தின் மருத்துவரிடம், சிகிச்சையைத் தொடங்கிய நூறு பேரில் என் வயதில் எத்தனை பேருக்குக் குழந்தை பிறந்தது என்று கேட்டேன். அவர் தயங்காமல் ஓர் எண்ணை எழுதி, அது எந்த ஆண்டின் கணக்கு என்பதையும் கீழே குறித்துக் கொடுத்தார். அது 70-ஐவிட மிகக் குறைவு. அடுத்த மாதம் அங்கேதான் அந்த ஒரு கருவை வைக்கப் போகிறோம்.