கட்டை வண்டிக்கு வில் வைப்பது: ஹார்ட்டெயில் பைக்குக்கு எந்த சீட்?

ஹார்ட்டெயில், அதாவது பின் சக்கரத்துக்கு சஸ்பென்ஷனே இல்லாத பைக் ஓட்டுகிறேன் என்று சொன்னால் எல்லோரும் முதலில் கேட்பது முதுகைப் பற்றித்தான். நியாயமான கேள்வி. இரண்டு வருடத்தில் மூன்று சீட் மாற்றி, நண்பர்களின் வண்டிகளையும் வாங்கி ஓட்டிப் பார்த்து, போன மாதம்தான் ஒரு முடிவுக்கு வந்தேன். முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முன்னால் கீல், பின்னால் நீளமான இரண்டு ஸ்ப்ரிங், அதற்கு மேல் அகலமான தோல் சீட். ஹார்ட்டெயில்தான் வேண்டும் என்பவருக்கு இதைத்தான் சொல்வேன். மற்ற வழிகளையும் பேசலாம், ஆனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்று தெரிந்துகொண்டே படியுங்கள்.

என் வண்டி 1978 யமஹா எக்ஸ்எஸ்650. டெக்ஸஸில் ஒருவரிடம் வாங்கும்போதே ஃப்ரேமின் பின்பாதியை அறுத்து எடுத்துவிட்டு, நேர்க்குழாய்களால் ஆன ஹார்ட்டெயில் பகுதியை வெல்ட் செய்திருந்தார்கள். பின் சக்கரத்தைத் தாங்கி மேலும் கீழும் அசையும் ஸ்விங்ஆர்மும் இல்லை, ஷாக்கும் இல்லை. பின் அச்சு நேராக ஃப்ரேமிலேயே உட்கார்ந்திருக்கிறது. சக்கரம் ஒரு அங்குலம் ஏறினால் ஃப்ரேமின் பின்பக்கமும் அதே ஒரு அங்குலம் ஏறும்.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இது கட்டை வண்டி. அதையே வில்வண்டி ஆக்குவது எப்படி என்பதுதான் பிரச்சினை. வில்லை அச்சுக்கும் வண்டிக்கும் நடுவில் வைக்க முடியாது என்று ஆகிவிட்டது, ஆகவே வண்டிக்கும் ஆளுக்கும் நடுவில் வைக்க வேண்டும். இதை நாம் எல்லோரும் சின்ன வயதில் அனுபவித்திருக்கிறோம். பழைய அட்லஸ், ஹீரோ சைக்கிளில் அப்பா உட்காரும் தோல் சீட்டுக்கு அடியில் சுருள் ஸ்ப்ரிங் இருக்கும். பின்னால் கேரியரில் ஒரு துண்டை மடித்துப் போட்டு நம்மை உட்கார வைப்பார். ஒரே சைக்கிள், ஒரே பள்ளம், அப்பா லேசாக அமுங்கி எழுவார், நமக்கு மண்டை வரைக்கும் அடிக்கும். ஹார்ட்டெயில் சீட்டைப் பற்றிய மொத்தப் பாடமும் அந்த இரண்டு இருக்கைக்கு நடுவிலேயே இருக்கிறது.

ஸ்ப்ரிங் இல்லாத மெத்தை சீட், அதாவது ஃப்ரேமின் மேலேயே ஒட்டிய ஒரு அங்குல ஃபோம், அந்தக் கேரியர்தான். பார்க்க அழகு, வண்டியின் கோடு முன்னிலிருந்து பின் அச்சு வரை உடையாமல் ஓடும், அதை மறுக்க மாட்டேன். நண்பர் ஒருவரின் வண்டியில் 20 மைல் போனேன், போதும். ஃபோமை ஜெல் ஆக்கினாலும் ஆட்டுத்தோல் போட்டாலும் கதை பெரிதாக மாறாது, அமுங்க இடமே இல்லையே.

என் வண்டியோடு வந்த சீட் வேறு மாதிரி. இரண்டு அங்குல உயரத்தில் குட்டையான, தடித்த ஸ்ப்ரிங் இரண்டு. கடைகளில் அதிகம் விற்பதும் இதுதான். ஸ்ப்ரிங் இருக்கிறது, அப்புறம் என்ன கவலை என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் ஒரு விஷயம் புரியாமல் ரொம்ப நாள் அலைக்கழித்தது. நான் போகும் கான்கிரீட் நெடுஞ்சாலையில் சுமார் 15 அடிக்கு ஒரு முறை பலகைகளின் இணைப்பு வரும், டப் டப் என்று அடிக்கும். மணிக்கு 50 மைலில் போனால் அந்த அடி தாங்க முடியாது, வயிறு குலுங்கும், கண் முன்னால் ஸ்பீடோமீட்டர் முள் இரண்டாகத் தெரியும். அதே சாலையில் 65, 70-க்கு ஏற்றினால் கொஞ்சம் தேவலாம். வேகம் கூடினால் வலி கூட வேண்டாமா?

கடைசியில் டேப் எடுத்து அளந்தபோதுதான் விடை கிடைத்தது. சீட்டின் பின் விளிம்புக்கும் மட்கார்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை ஆள் இல்லாமல் ஒரு முறை, நான் ஏறி உட்கார்ந்து ஒரு முறை அளந்தோம். டேப் பிடித்தது மனைவி. வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர். என் எடை 78 கிலோ, அவ்வளவு எடைக்கும் அந்த ஸ்ப்ரிங் அசைந்தது அவ்வளவுதான்.

இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. உட்கார்ந்ததும் சீட் எத்தனை சென்டிமீட்டர் அமுங்குகிறது என்று பாருங்கள், அந்த எண்ணின் வர்க்கமூலத்தால் 5-ஐ வகுங்கள். அந்த ஸ்ப்ரிங்கும் நீங்களும் சேர்ந்து நொடிக்கு எத்தனை முறை இயல்பாக ஆடுவீர்கள் என்பது தோராயமாக வந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு 5 முறை. இப்போது சாலையைப் பாருங்கள்: 50 மைல் வேகம் என்பது நொடிக்கு சுமார் 73 அடி, 15 அடிக்கு ஒரு இணைப்பு என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 5 முறை அடி விழுகிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்குச் சரியாகத் தள்ளினால் எப்படி ஏறுமோ அப்படி, அந்த சாலை என் சீட்டை அதன் தாளத்திலேயே தள்ளிக்கொண்டிருந்தது. ஸ்ப்ரிங் அடியைக் குறைக்கவில்லை, கூட்டிக் கொடுத்தது. போதாக்குறைக்கு, உட்கார்ந்திருக்கும் மனித உடம்பை மேலும் கீழுமான ஆட்டத்தில் அதிகம் வாட்டுவதும் நொடிக்கு 4 முதல் 8 முறை வரையிலான அதிர்வுதான். குட்டை ஸ்ப்ரிங் சரியாக அந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது.

இதனால்தான் சீட் வாங்கும்போது தோல் தரம், தையல், அகலம் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள் என்கிறேன்: நான் உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கும்? விற்பவர் ஸ்ப்ரிங்கின் உயரத்தைச் சொல்வார், அது பதில் ஆகாது. உயரமான ஸ்ப்ரிங்கே தடித்த கம்பியில் சுற்றியிருந்தால் அசையாது. 60 கிலோ ஆளுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும் சீட் 100 கிலோ ஆளுக்கு அடியில் போய் முட்டும். கீல் முன்னால், ஸ்ப்ரிங் பின்னால் என்பதால் ஸ்ப்ரிங்குகள் இன்னும் பின்னால் போகப் போக சீட் விறைப்பாகும், கீல் பக்கம் நகர்த்தினால் இளகும். அதே ஸ்ப்ரிங்கை ஒரு அங்குலம் முன்னால் மாற்றி மாட்டியே கொஞ்சம் சரி செய்துகொள்ளலாம், காசு செலவில்லை.

இப்போது என்னிடம் இருப்பது நான்கரை அங்குல ஸ்ப்ரிங், மெல்லிய கம்பி. நான் உட்கார்ந்தால் நான்கு சென்டிமீட்டர் அமுங்குகிறது. கணக்குப்படி நொடிக்கு இரண்டரை ஆட்டம். அதே 50 மைல், அதே கான்கிரீட், இந்த முறை ஏட்டுக் கணக்கில் அடியின் மூன்றில் ஒரு பங்குதான் மேலே வர வேண்டும். அது அப்படியே நடக்கிறது என்று கருவி வைத்து அளக்கவில்லை, ஆனால் முள் இரண்டாகத் தெரிவது நின்றுவிட்டது. முன்பு 30 மைலில் இறங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பேன், இப்போது 70, 80 மைல் வரை போய்விட்டு இயல்பாக இறங்கி நடக்கிறேன்.

குறையும் உண்டு. இந்த ஸ்ப்ரிங்குகளுக்கு டேம்பிங், அதாவது ஆட்டத்தை அடக்கும் ஏற்பாடு, கிடையாது. ஷாக்கில் எண்ணெய் செய்யும் வேலையை இங்கே யாரும் செய்வதில்லை, தோலும் கீலும் உரசுவதில் கிடைக்கும் கொஞ்சம்தான். கிராமத்துப் பக்கத் தார்ச்சாலையில் 30 அடிக்கு ஒரு மேடு பள்ளம் என்று அலையலையாக வரும் இடங்களில், 50 மைலில் போனால் அது சரியாக என் புதுச் சீட்டின் தாளம். எழும்பி எழும்பி விழ ஆரம்பித்துவிடும். 40-க்கு இறங்கினால் அடங்கிவிடுகிறது. அடுத்து, சீட் மட்டும் மேலும் கீழும் போகிறது, ஹேண்டில்பாரும் ஃபுட்ரெஸ்டும் அங்கேயே நிற்கின்றன. முதல் வாரம் அது விநோதமாக இருக்கும், பிறகு முழங்கால் பழகிவிடும்.

இன்னொரு வழி, பழைய ஹார்லிகளின் ஸ்ப்ரிங் சீட் போஸ்ட். 1912-லேயே ஹார்லி இதைக் கொண்டுவந்துவிட்டது. சீட்டைத் தாங்கும் கம்பம் ஃப்ரேமின் குழாய்க்குள் இறங்குகிறது, உள்ளே நீளமான ஸ்ப்ரிங்குகள். வெளியில் எதுவும் தெரியாது. 1958-ல் டுவோ கிளைடு என்ற மாடல் வரும்வரை ஹார்லியின் பெரிய வண்டிகளுக்குப் பின் ஷாக்கே கிடையாது, அதில்தான் ஆட்கள் மாநிலம் விட்டு மாநிலம் போனார்கள். நண்பரின் 1950 ஹார்லி பான்ஹெட்டை ஒரு மதியம் முழுக்க ஓட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், என் சீட்டை விட இது ஒரு படி மேல். சீட் நேராக, நிதானமாக இறங்குகிறது, திரும்பி எழும்போது தூக்கி அடிப்பதில்லை. அதையே நான் வைக்காததற்குக் காரணம் எக்ஸ்எஸ்650 ஃப்ரேமில் அதற்கான செங்குத்துக் குழாய் இல்லை, புதிதாகக் குழாய் வைத்து வெல்ட் செய்து கீலையும் இடம் மாற்ற வேண்டும். பழைய ஹார்லி ஃப்ரேமோ, அதே அமைப்பில் செய்த புது ஃப்ரேமோ உங்களிடம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம்.

டயரைப் பற்றிச் சுருக்கமாக. 18 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 5.00-16 பலூன் டயர் போட்டேன். பக்கச்சுவர் உயரம், காற்று நிறைய. காற்றழுத்தத்தை 32 பிஎஸ்ஐயில் இருந்து 24-க்கு இறக்கினேன், சின்னச் சின்னக் கரகரப்பு எல்லாம் அதிலேயே செத்துவிடுகிறது. பெரிய அடிக்கு அது போதாது. டியூப் டயரில் காற்றை இன்னும் குறைத்தால் டயர் ரிம்மில் நகர்ந்து வால்வைக் கிழிக்கும், டயர் சூடேறும், ஆகவே டயர்காரர் சொல்லும் அளவுக்குக் கீழே போகாதீர்கள்.

ஃபுட்ரெஸ்ட் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. காலை முன்னால் நீட்டும் அமைப்பில் உங்கள் மொத்த எடையும் வால் எலும்பில் இறங்குகிறது, பள்ளம் தெரிந்தாலும் எழும்ப வழியில்லை. என் வண்டியில் அது நடுவில், கிட்டத்தட்ட முழங்காலுக்கு அடியிலேயே இருக்கிறது. பெரிய பள்ளம் வரும்போது காலில் ஊன்றி இரண்டு அங்குலம் எழுந்துவிடுவேன். சில நாள் பழகினால் கண் பார்த்ததும் கால் தானாக ஊன்றிவிடும். எந்த ஸ்ப்ரிங்கும் இதற்கு ஈடாகாது.

சரி, இவ்வளவு பாடு எதற்கு, சாஃப்டெயில் வாங்கலாமே? வாங்கலாம். செயின்ட் லூயிஸைச் சேர்ந்த பில் டேவிஸ் என்ற பொறியாளரின் வடிவமைப்பை ஹார்லி வாங்கி 1984-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது அது. பார்வைக்கு ஹார்ட்டெயில் முக்கோணம், ஷாக் இரண்டும் வண்டிக்கு அடியில் படுத்திருக்கும். 2018 மாடலில் இருந்து சீட்டுக்கு அடியில் ஒரே ஷாக். 2017-ல் வந்த டிரயம்ஃப் பாபரும் இதே வழிதான், பின் சக்கரத்துக்கு சுமார் 3 அங்குலம் அசைவு. சீட்டால் செய்யவே முடியாத ஒன்றை இவை செய்கின்றன: வில் சரியான இடத்தில், சக்கரத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் இருப்பதால் ஆளும் பிழைக்கிறான், வண்டியும் பிழைக்கிறது. என் சீட் என்னை மட்டும்தான் காப்பாற்றுகிறது. நம்பர் பிளேட் போல்ட்டு இரண்டு முறை வழியிலேயே விழுந்திருக்கிறது, பின் விளக்கின் பல்பு இழை அறுந்து அறுந்து கடைசியில் எல்இடி மாற்றினேன், டேங்க் தாங்கும் பட்டையில் மயிரிழை விரிசல் ஒன்றை வெல்ட் செய்ய வேண்டி வந்தது. மாதம் ஒரு முறை ஸ்பேனரோடு எல்லா நட்டையும் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. எனக்கு அது பிடித்த வேலை, எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்றில்லை.

வளைவில் மேடு வந்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாகத் தெரியும். சாஃப்டெயிலின் சக்கரம் தரையைத் தொட்டுக்கொண்டே ஏறி இறங்கும். என் சக்கரம் ஒரு கணம் தரையை விட்டுப் பக்கவாட்டில் ஒரு விரல் அளவு நகர்ந்து உட்காரும். நேர்ச்சாலையில் அது வெறும் வலி, வளைவில் அது பிடிமானத்தையே பறிக்கும். அதனால் தெரியாத வளைவுக்குள் வேகம் குறைத்துத்தான் நுழைகிறேன். மழையில் நான் அதிகம் ஓட்டியதில்லை, அதைப் பற்றி ஓட்டியவர்களிடம் கேளுங்கள். நாள் முழுக்க 300 மைல் பயணமும் இந்த வண்டியில் செய்ததில்லை, சாஃப்டெயிலில் செய்திருக்கிறேன், அதற்கு அதுதான் வண்டி.

பின்னால் ஆள் ஏற்ற வேண்டும் என்றால் ஹார்ட்டெயில் வேண்டவே வேண்டாம். மட்கார்டின் மேல் ஒட்டும் மெத்தை, முன்பு சொன்ன சைக்கிள் கேரியரேதான், அதுவும் நேராகப் பின் அச்சுக்கு மேலே. மனைவி ஒரு முறை இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடை வரை வந்தார், திரும்பும்போது நடந்தே வருகிறேன் என்றார். நானும் வண்டியைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்தேன்.