ரூ.14,500 வாங்கிக்கிட்டு லென்ஸைக் கோணலாக்கி அனுப்பிட்டாங்க: போட்டோகிராபர்ஸ் கவனிங்க

முகூர்த்த சீசன்ல லென்ஸை சர்வீஸுக்குக் கொடுக்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுக் கொடுங்க. ரூ.14,500 முன்கூட்டியே வாங்கிக்கிட்டு என் லென்ஸைக் கெடுத்துத் திருப்பி அனுப்பியிருக்காங்க. பேர் போடல. வீட்டுக்கே ஆள் அனுப்பி கேமரா, லென்ஸ் எடுத்துட்டுப் போய் ரிப்பேர் பண்ணித் தர்ற ஆன்லைன் தளம், அவ்வளவுதான் சொல்வேன்.

லென்ஸ் கேனன் 70-200 மி.மீ. ஜூம், எஃப் 2.8, ரெண்டாவது வெர்ஷன். என் சோறே அதுலதான். கடலூர் உப்புக்காத்துக்கும் மழைக்கும் லென்ஸ்ல பங்கஸ், அதான் பூஞ்சை, வர்றது புதுசில்ல. உள்ள நூல் நூலா ஓடியிருந்துச்சு. எதிர்வெளிச்சத்துல மட்டும் படம் லேசா வெளுத்துச்சு, மத்தபடி ஷார்ப்னெஸ்ல ஒரு குறையும் இல்ல. விட்டா கோட்டிங்கை அரிச்சிடும்னு கிளீனிங்குக்குப் போட்டேன்.

எடுக்க வந்த தம்பியைப் பார்த்தா யாருக்கும் சந்தேகம் வராது. டார்ச்சைப் பின்பக்கமா அடிச்சு, "அண்ணே, இது முன் கண்ணாடியில இல்ல, நடு குரூப்புல இருக்கு, பிரிச்சாத்தான் வரும்"னு இடத்தைக் கரெக்டா காட்டினான். சீரியல் நம்பரை போட்டோ எடுத்தான், பபிள் ராப் சுத்தி என் முன்னாடியே சீல் வெச்சான். பிரிச்சா உள்ள கண்ணாடிங்களோட அலைன்மென்ட் போயிடுமேன்னு கேட்டேன். "எங்ககிட்ட காலிமேட்டர் இருக்குண்ணே, பெஞ்ச்ல ஏத்தி செட் பண்ணி டெஸ்ட் ரிப்போர்ட்டோட தருவோம்." காலிமேட்டர்னா கண்ணாடிங்க நேரா உட்கார்ந்திருக்கான்னு சோதிக்கிற கருவி. அந்த வார்த்தையைத் தெரிஞ்சவன் வாயில கேட்டதும் நிம்மதியா ஜிபேல அனுப்பினேன். ரூ.14,500.

லென்ஸ் திரும்பி வந்தப்போ உள்ள பளிச்சுனு இருந்துச்சு. பங்கஸ் போயிடுச்சு, உண்மை. அடுத்த கல்யாணத்துல குடும்ப குரூப் போட்டோ எடுத்துட்டு லேப்டாப்ல ஜூம் பண்ணினா, இடது ஓரத்துல நிக்கிற மாமாவோட மீசை முடியை எண்ணலாம், வலது ஓரத்துல நிக்கிற அத்தையோட சேலையில ஜரிகை இருக்கிறதே தெரியல. ரெண்டு பேரும் ஒரே வரிசையில, ஒரே தூரத்துல நிக்கிறாங்க.

செவுத்துல நியூஸ்பேப்பரை ஒட்டி, ட்ரைபாட்ல கேமராவை நேரா வெச்சு, லைவ் வியூல, அதாவது பின்பக்கத் திரையைப் பார்த்து, ஃபோகஸ் பண்ணி, லென்ஸை முழுசாத் திறந்து எஃப் 2.8ல எடுத்தேன். வலது பக்கம் எழுத்தே கரைஞ்சு போயிருக்கு. கேமராவைத் தலைகீழா மாட்டி எடுத்தாலும் படத்துல அதே பக்கம்தான் மங்கல். அப்போ செவுரு கோணல்னு சொல்ல முடியாது. வேற லென்ஸ் போட்டா நாலு மூலையும் சரியா இருக்கு, அதனால கேமரா பாடியையும் குறை சொல்ல முடியாது.

அந்த லென்ஸ்ல 19 குரூப்பா 23 கண்ணாடி இருக்கு. குரூப் ஒவ்வொண்ணும் நடு அச்சுல உட்காரணும். சாயாம நிக்க சில குரூப்புக்கு அடியில மெல்லிசு ஷிம் தகடு வெச்சிருப்பாங்க, தலைமுடி கனம்கூட இருக்காது. கம்பெனியில செட் பண்ணின பிறகு ஸ்க்ரூ மேல பெயின்ட் வெச்சுப் பூட்டிடுவாங்க. ஒரு ஓரத்துல ஃபோகஸ் விழுற இடம் 0.05 மி.மீ. தள்ளிப் போனாலே எஃப் 2.8ல ஒரு புள்ளி 0.018 மி.மீ. வட்டமாப் பரவிடும். என் 5டி மார்க் 4 கேமராவோட சென்சார்ல ஒரு பிக்சல் 0.0054 மி.மீ.தான். அதாவது மூணு பிக்சலுக்கு மேல கரையும்.

பாண்டிச்சேரியில பழைய மெக்கானிக் ஒருத்தர்கிட்ட காட்டினேன். பிரிச்சுப் பார்த்துட்டு எதுவும் பேசாம என்னைக் கூப்பிட்டு லூப்பை, அதான் பூதக்கண்ணாடியை, கையில கொடுத்தார். ஸ்க்ரூ தலையெல்லாம் மழுங்கிக் கிடக்கு. ஜப்பான் ஸ்க்ரூவுக்கு ஜேஐஎஸ் பிட்டு போடணும், சாதா ஸ்டாரைப் போட்டுத் திருகியிருக்காங்க. பெயின்ட் பூட்டு உடைஞ்சு தூளா ஒட்டியிருக்கு. மூணு இடத்துல இருக்க வேண்டிய ஷிம் ரெண்டு இடத்துலதான் இருக்கு.

இனி அவங்க பதிலைக் கேளுங்க. முதல்ல "ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணுங்க சார்." அப்புறம் "கேமராவுல மைக்ரோ அட்ஜஸ்ட்மென்ட் போடுங்க." அது ஃபோகஸை முன்ன பின்ன மொத்தமா நகர்த்தும், சாஞ்ச கண்ணாடியை எப்படிய்யா நிமிர்த்தும்? அதுவும் லைவ் வியூல அந்த அட்ஜஸ்ட்மென்ட் வேலையே செய்யாது, நான் எடுத்ததோ லைவ் வியூல! அடுத்து "கொடுக்கும்போதே இந்தக் கம்ப்ளைன்ட் இருந்திருக்கும்." கடைசியா "நாங்க பிளாட்ஃபார்ம் மட்டும்தான், டெக்னீஷியனோட வேலைக்குப் பொறுப்பில்ல." நான் பதில் டைப் பண்ணிட்டு இருக்கும்போதே 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, ரேட்டிங் கொடுங்கள்'னு மெசேஜ் வருது.

டெஸ்ட் ரிப்போர்ட்டுனு அனுப்பினதுல 'பாஸ்'னு ஒரு பச்சை டிக். கூட ஒரு சார்ட் படம். அந்த ஃபைலோட விவரத்தைத் திறந்து பார்த்தா ஃபோக்கல் லென்த் 50 மி.மீ. 70-200 லென்ஸ்ல 50 எங்கேர்ந்து வந்துச்சு? யாரோ ஒருத்தரோட லென்ஸை டெஸ்ட் பண்ணின படத்தைக் காட்டி என்கிட்ட ரூ.14,500.

1990ல மேல போன ஹபிள் தொலைநோக்கியிலயும் இந்தக் கூத்து நடந்துச்சு. கண்ணாடியைச் சோதிக்கிற கருவியில ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. இடம் தள்ளி உட்கார்ந்ததுல, கண்ணாடியோட ஓரம் 2.2 மைக்ரான் தட்டையாகி, வந்த படமெல்லாம் மங்கல். 1993 டிசம்பர்ல விண்வெளிக்கே ஆளை அனுப்பி சரி பண்ணினாங்க. இவங்களால கடலூருக்கு ஒரு ஆளைத் திருப்பி அனுப்ப முடியல.

டிப்ஸ் நிறைய எழுதணும்னுதான் உட்கார்ந்தேன், நேரமில்ல. கொடுக்கிறதுக்கு முன்னாடி நியூஸ்பேப்பர் டெஸ்ட் எடுத்து ஃபைலை வெச்சுக்கோங்க. ஸ்க்ரூ தலைகளை குளோசப்ல எடுத்துடுங்க. முழுக் காசையும் முன்னாடி கட்டாதீங்க. ரிப்போர்ட்டு கொடுத்தா படத்தோட ஒரிஜினல் ஃபைலைக் கேளுங்க. புகார் டிக்கெட்டை அவங்க குளோஸ் பண்றதுக்குள்ள சாட்டை ஸ்க்ரீன்ஷாட் எடுங்க.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915ல புகார் பதிஞ்சாச்சு. சாயந்திரம் நெய்வேலியில ரிசப்ஷன், வாடகை லென்ஸ் வாங்கக் கிளம்புறேன். அந்த வாடகையும் என் கைக்காசு.