பள்ளிக்குப் பக்கத்தில் வீடு என்று விற்றார்கள், பள்ளி இன்னும் வரவில்லை

போன வாரம் எங்கள் குடியிருப்பின் வாசலில் புதுப் பதாகை கட்டியிருக்கிறார்கள். மூன்றாவது பிளாக்குக்கு முன்பதிவு ஆரம்பமாம். வளாகப் படத்தின் வலது மூலையில் பச்சை நிறத்தில் ஒரு கட்டம், அதற்குள் 'பள்ளி வளாகம்' என்ற எழுத்து. 2021இல் எங்களுக்குக் காட்டியதும் இதே படம்தான். அந்தப் பச்சைக் கட்டம் இருக்கும் இடத்தில் இன்றைக்கும் சீமைக் கருவேலம்தான் மண்டிக் கிடக்கிறது. இதை நம்பி இன்னும் நான்கு குடும்பம் பணம் கட்டிவிடுமோ என்ற பதைப்பில்தான் எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை. வழக்கு நடக்கிறது, வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார்.

அப்போது சென்னை நங்கநல்லூரில் வாடகைக்கு இருந்தோம். கணவருக்கு மறைமலை நகரில் வேலை, எனக்குத் தாம்பரத்தில். மகளுக்கு இரண்டு வயது. அவளை எல்.கே.ஜி. சேர்ப்பதற்குள் சொந்த வீடு வாங்கிவிட வேண்டும், அது நல்ல பள்ளிக்கு நடந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் கணக்கு. நான் சின்ன வயதில் இரண்டு பஸ் மாறிப் பள்ளிக்குப் போனவள். என் பிள்ளைக்கு அது வேண்டாம் என்று மனதில் ஊறிப்போயிருந்தது. சென்னையிலிருந்து தெற்கே போகும் ஜி.எஸ்.டி. நெடுஞ்சாலையை ஒட்டி ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைந்தோம். கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு அடுக்குமாடித் திட்டத்தில் போய் நின்றோம்.

ஞாயிற்றுக்கிழமை என்பதைக் கவனியுங்கள். அந்த விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

விற்பனைப் பிரிவுத் தம்பி ரொம்ப மரியாதையாகப் பேசினார். குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தார். என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று கேட்பதற்கு முன்பே "பாப்பாவுக்கு எத்தனை வயசு மேடம்?" என்றுதான் கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எங்களை எடைபோட்டுவிட்டார் என்று இப்போது புரிகிறது. அதற்குப் பிறகு சுவர் தடிமன், தண்ணீர், கார் நிறுத்தம் பற்றியெல்லாம் நாங்கள் கேட்டதற்கு மட்டும்தான் பதில் வந்தது. மீதிப் பேச்சு முழுவதும் பள்ளியைப் பற்றித்தான். வளாகத்துக்குள்ளேயே சி.பி.எஸ்.இ. பள்ளி வருகிறது, 2023 ஜூனில் திறந்துவிடுவோம், குடியிருப்பவர்களின் பிள்ளைகளுக்கு அட்மிஷன் உறுதி, கடிதமே தருவோம். அதுவரைக்கும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெயர்பெற்ற பள்ளி ஒன்றோடு ஒப்பந்தம் இருக்கிறது. இதற்கு மேல் ஒன்று சொன்னார்: "கல்வி உரிமைச் சட்டப்படியே ஒரு கிலோமீட்டருக்குள்ள இருக்கிறவங்களுக்குத்தான் சீட்டு மேடம். வீடு இங்க இருந்தா யாரும் மறுக்க முடியாது."

இந்த அரை உண்மையில்தான் நாங்கள் விழுந்தோம். அந்த ஒரு கிலோமீட்டர் கணக்கு தனியார் பள்ளிகளில் 25 சதவீத இலவச இடங்களுக்கானது. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்த இடங்கள் நலிந்த பிரிவினருக்கும் வாய்ப்பு மறுக்கப்பட்ட பிரிவினருக்கும் உரியவை. நலிந்த பிரிவு என்றால் தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வங்கிக் கடன் போட்டு 62 லட்சத்துக்கு வீடு வாங்குகிற எங்களுக்கு அந்த வழியில் என்ன உரிமை? மீதி 75 சதவீத இடங்களில், பக்கத்து வீட்டில் குடியிருக்கிறோம் என்பதற்காக எந்தத் தனியார் பள்ளியும் சேர்த்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் இருக்கும் என் அண்ணன் வீட்டு முகவரியை வைத்தே பள்ளி கிடைக்கும் என்பான். அதையும் இதையும் மனதுக்குள் குழப்பிக்கொண்டு, வீடு பக்கத்தில் இருந்தால் சீட்டு தானாக வரும் என்று நானே நம்பிவிட்டேன்.

அன்றைக்கு எங்களோடு வந்த என் மாமியார் ஒருவர்தான் சரியாகக் கேட்டார். "பள்ளிக்கூடம் எங்கப்பா? ஒரு செங்கல்கூட இல்லையே." அந்தத் தம்பி சிரித்துக்கொண்டே, "அப்ரூவல் வந்தாச்சும்மா, பில்டிங் ஆறு மாசத்துல எழும்பிடும்" என்றார். அத்தை என் முகத்தைப் பார்த்தார். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

முதலில் ஒரு லட்சம் டோக்கன். பிறகு, சலுகை விலை இந்த வாரத்தோடு முடிகிறது என்று சொல்லி இன்னும் ஒன்பது லட்சம். ஒப்பந்தம் எதுவும் எழுதாமலே பத்து லட்சம் போய்விட்டது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது நாம் ரெரா என்று சொல்கிற 2016ஆம் ஆண்டுச் சட்டம், விற்பனை ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று சொல்கிறது. எங்கள் கணக்குக்கு அது 6 லட்சத்து 20 ஆயிரம். இதை வழக்கறிஞர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன், இரண்டு வருடம் கழித்து.

2021 டிசம்பரில் பிரிபடாத பாகத்தை, அதாவது நிலத்தில் எங்களுக்கு வரும் பங்கை, பத்திரம் பதிந்தோம், கட்டுமான ஒப்பந்தமும் போட்டோம். ஒப்பந்தம் நாற்பது பக்கம். சார்பதிவாளர் அலுவலக வராந்தாவில் வைத்துக் கையெழுத்து வாங்கினார்கள். அதில் பள்ளி என்ற சொல்லே கிடையாது. அது மட்டுமா, விளம்பரத்தாள்களில் உள்ள படங்கள் உத்தேசமானவை, இந்த ஒப்பந்தத்தில் இருப்பது மட்டுமே இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்று ஒரு வரி இருந்தது. நாங்கள் படிக்கவில்லை. அட்மிஷன் உறுதிக் கடிதத்தை மட்டும் பத்திரமாக பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தோம்.

2023 ஜனவரியில் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துப் பள்ளிக்குப் போனோம். தலைமையாசிரியை கடிதத்தை இரண்டு முறை படித்தார். "இது எங்க கடிதம் இல்லம்மா. எங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இதைக் கொண்டுவர்ற ஏழாவது குடும்பம் நீங்க" என்றார். நவம்பரிலேயே விண்ணப்பம் கொடுத்து முடித்துவிட்டார்களாம். ஏற்கெனவே படிக்கிற பிள்ளைகளின் தம்பி தங்கைகளுக்குப் பாதி இடம் போய்விட்டது. அவர் கோபப்படவே இல்லை, எங்களுக்காக வருத்தப்பட்டார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து நான் அழுதேன். மகள் அங்கே இருந்த ஊஞ்சலைக் காட்டி, "நான் இந்த ஸ்கூல்லதான் படிக்கப்போறேனா?" என்று கேட்டாள்.

அன்று இரவு முதன்முறையாகப் பத்திரத்தை எடுத்து வரி வரியாகப் படித்தேன். சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருப்பார்கள் இல்லையா, அதில் கிழக்கு எல்லை என்ற இடத்தில் வேறொரு சர்வே எண்ணும், வேறொரு குடும்பத்துக்குச் சொந்தமான புஞ்சை நிலம் என்றும் தெளிவாக இருந்தது. பச்சைக் கட்டம் இருந்தது அதே கிழக்குப் பக்கம்தான். உண்மை எங்கள் கையில் இருந்த பத்திரத்திலேயே ஒரு வருடமாக இருந்திருக்கிறது.

மறுநாள் அரசின் இ-சேவை தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், அந்த சர்வே எண் எல்லாம் கொடுத்துப் பட்டா பார்த்தேன். ஐந்தே நிமிடம். பட்டா அந்தக் குடும்பத்தின் பெயரில்தான். பதிவுத் துறைத் தளத்தில் வில்லங்கச் சான்றும் போட்டுப் பார்த்தேன், கட்டுமான நிறுவனத்துக்கு விற்றதாகவோ குத்தகைக்குக் கொடுத்ததாகவோ ஒரு பதிவும் இல்லை. அப்புறம் தமிழ்நாடு ரெரா தளத்தில் எங்கள் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைத் திறந்தேன். குடியிருப்புக் கட்டடங்கள் இருந்தன, திறந்தவெளி ஒதுக்கீட்டு நிலம் இருந்தது, சாலை இருந்தது. பள்ளி எங்கும் இல்லை. "அப்ரூவல் வந்தாச்சு" என்றது வீடுகளுக்கு டி.டி.சி.பி., அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம், கொடுத்த அனுமதி. பள்ளிக்கென்று யாரும் அனுமதியே கேட்டிருக்கவில்லை.

நேரில் போய்க் கேட்டபோது அந்தத் தம்பி வேலையை விட்டுப் போயிருந்தார். மேலாளர், "பள்ளிக்கான பேச்சுவார்த்தை நடக்குதும்மா" என்றார். சாவி கொடுத்தது 2023 ஜூலையில், நான்கு மாதம் தாமதமாக. நாங்கள் பதினோரு குடும்பம் சேர்ந்து எழுத்தில் புகார் கொடுத்த பிறகு, பி பிளாக் தரைத்தளத்தில் சமுதாயக்கூடம் என்று சொல்லியிருந்த அறையில் ஒரு மழலையர் பள்ளியைத் திறந்தார்கள். வாசலில் 'சி.பி.எஸ்.இ. முறையில்' என்று பலகை. இந்த 'முறையில்' என்ற சொல்லைப் பார்த்தால் தயவுசெய்து நின்று யோசியுங்கள். உண்மையிலேயே சி.பி.எஸ்.இ. இணைப்பு உள்ள பள்ளிக்கு இணைப்பு எண் இருக்கும், வாரியத்தின் தளத்தில் தேடினால் பள்ளியின் பெயரும் முகவரியும் வரும். எண்ணைக் கேட்டால் "விண்ணப்பிச்சிருக்கோம்" என்கிறவர்களிடம் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள். எங்கள் வளாகத்துப் பள்ளி யு.கே.ஜி.யோடு முடிகிறது. ஒன்றாம் வகுப்புக்கு மறுபடியும் தெருவில்தான் நிற்க வேண்டும்.

இப்போது மகள் தாம்பரத்தில் படிக்கிறாள். காலை 5.30க்கு எழுப்புகிறேன். 6.45க்கு வேன். திரும்பி வர 4.30 ஆகிவிடும், பல நாள் வேனிலேயே தூங்கிப்போகிறாள். எந்த அலைச்சல் வேண்டாம் என்று இருபது வருடக் கடன் வாங்கினேனோ, அதைவிடப் பெரிய அலைச்சலை அவள் தலையில் கட்டிவிட்டேன். இதை எழுதும்போதும் நெஞ்சு அடைக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருகிறேன். வீடு பார்க்கப் போன எல்லா நாளும் விடுமுறை நாள். சாலை காலி. "பள்ளிக்குப் பத்து நிமிடம்" என்று காரில் கூட்டிப்போய்க் காட்டினார்கள், பத்து நிமிடம்தான் ஆனது. வேலை நாளில் காலை எட்டு மணிக்கு அதே தூரத்துக்கு ரயில் பாதையைத் தாண்டி, ஜி.எஸ்.டி. சாலையில் யு-டர்ன் அடித்து, நாற்பது நிமிடம் ஆகிறது. வீடு பார்க்கிறவர்கள் ஒரு திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு காலை ஏழரைக்கு அங்கே போய் நில்லுங்கள். அந்தப் பகுதியில் பள்ளி வேன் ஓட்டுகிற அண்ணன்களிடம் பேசுங்கள். எந்தப் பள்ளிக்கு எத்தனை பிள்ளைகள் போகிறார்கள், முதல் பிள்ளையை எத்தனை மணிக்கு ஏற்றுகிறார்கள், மழைக்காலத்தில் எந்தத் தெருவுக்குள் வேன் வராது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியது நமக்கெல்லாம் செய்தி. அந்தத் தெருக்களில் தினமும் வண்டி ஓட்டுகிறவருக்கு எந்த வாசலில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பது வரைக்கும் நினைவிருக்கும்.

என்னைக் கேட்டால், பள்ளிக்காக வீடு வாங்குகிறவர்கள் முதலில் பள்ளியில் இடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்தப் பள்ளிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருங்கள். பிள்ளைக்கு அந்தப் பள்ளி ஒத்துவருகிறதா என்று பாருங்கள். வீடு ஓடிப்போகாது. ஒரு வருட வாடகை வீண் என்று நாங்கள் நினைத்தோம். பத்திரத்துக்கு அப்போது முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4 என்று 11 சதவீதம் கட்டினோம். இன்று விற்றுவிட்டு வேறு இடம் போகலாம் என்றால், 2023 ஏப்ரலிலிருந்து 9 சதவீதம் என்றாலும், புது வீட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து கட்ட வேண்டும். அந்த வாடகை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

விற்கிறவர் பள்ளியைப் பற்றி ஏதாவது சொன்னால், சரி, அதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகச் சேருங்கள் என்று கேளுங்கள். எந்த சர்வே எண்ணில், யாருடைய அனுமதியோடு, எந்தத் தேதிக்குள், வராவிட்டால் எவ்வளவு திருப்பித் தருவீர்கள். நாங்கள் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே பேச்சு மாறியிருக்கும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். விளம்பரத்தாளைத் தூக்கிப் போடாதீர்கள். ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவு, பொய்யான விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம் என்கிறது. திட்டத்திலிருந்தே விலக நினைத்தால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பிக் கேட்கவும் அதில் இடம் இருக்கிறது. எங்கள் வழக்கில் கைகொடுப்பது அந்த விளம்பரத்தாளும், அட்மிஷன் கடிதமும், அந்தத் தம்பி வாட்ஸாப்பில் அனுப்பிய "ஸ்கூல் கன்ஃபர்ம் மேடம்" என்ற செய்தியும்தான். அலைபேசி மாற்றும்போது அந்த உரையாடல் அழிந்துபோகப் பார்த்தது, கணவர்தான் காப்பாற்றினார். ரெராவின் எழும்பூர் அலுவலகத்துக்கு இதுவரை ஐந்து முறை போய் வந்தாயிற்று. இழப்பீட்டு மனுவை 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. எங்களுக்கு ஒரு வருடம் தாண்டிவிட்டது. ஆனாலும் விடுவதாக இல்லை.

நேற்று மாலை மூன்றாவது பிளாக் பார்க்க ஓர் இளம் தம்பதி கைக்குழந்தையோடு வந்திருந்தார்கள். காவலாளி அறை பக்கத்தில் நின்று அந்தப் பெண் என்னிடம், "ஸ்கூல் இங்கயே வருதாமே அக்கா, உண்மையா?" என்று கேட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு கிழக்குப் பக்கச் சுவர் வரைக்கும் போய்க் கருவேலங்காட்டைக் காட்டினேன். அலைபேசியில் பட்டாவையும் திறந்து காட்டினேன். அவள் அந்த சர்வே எண்ணைத் தன் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, கணவரைத் தேடி விற்பனை அலுவலகத்துக்குள் போனாள்.