ஸ்பாக்கின் சாவும் சிட்டியின் முடிவும்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் மாதந்தோறும் கூடிப் படம் பார்க்கும் எங்கள் நண்பர்களிடையே, நாயகனின் சாவை மனத்தில் தைக்கும்படி காட்டியது 1982இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்’ இரண்டாம் படமா, 2010இல் வந்த ‘எந்திரன்’ படமா என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

‘ஸ்டார் ட்ரெக்’ படத்தின் விண்கப்பல் அதிகாரி ஸ்பாக் சாவைத் தானே தேர்ந்துகொள்கிறார். கப்பலைக் காப்பாற்றக் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் நுழைந்து இயந்திரத்தைச் சரிசெய்தபின், கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நிற்கும் நண்பர் கிர்க்குடன் பேசத் தள்ளாடி எழும்போதும், சட்டையைக் கீழே இழுத்துச் சீர்செய்துகொள்கிறார். உயிர் போகும் வேளையிலும் ஒழுங்கு குலையாத அந்தக் கைப்பழக்கத்தில், ஸ்பாக்காக நடித்த லெனர்ட் நிமாய் பக்கம் பக்கமான வசனத்தைவிட அதிகம் சொல்லிவிடுகிறார்.

‘எந்திரன்’ படத்தின் ரோபோ சிட்டிக்கு முடிவு நீதிமன்ற ஆணையாக வருகிறது. தன் உறுப்புகளைத் தானே கழற்றிக்கொண்டு அது விடைபெறும் பேச்சு சற்று நீளம்தான் (ரஜினி ரசிகர்கள் பொறுத்தருள்க). ஆனால், வேறொருவர் பொருத்திய சிவப்புச் சிப்பால் விளைந்த குற்றத்துக்குப் படைப்பே தண்டனை பெறுவது நியாயமா என்ற கேள்வி ஸ்பாக்கின் தியாகத்தில் எழுவதில்லை.

ஸ்பாக் 1984இலும் சிட்டி 2018இலும் திரும்பிவிட்டமையால், நிரந்தரம் என்ற அளவுகோல் இங்கே உதவாது. நடிப்புக்கு ஸ்பாக்கையே சொல்வேன். படம் முடிந்தபின் வாதாட வேண்டுமானால் சிட்டியைத் திரையிடலாம்.