நான்கு பி.எல்.டி.சி. மின்விசிறிகளும் 500 யூனிட் எல்லையும்

வேலூரில் கத்திரி வெயில் நாட்களில் இரவு பதினொரு மணிக்குச் சுவரைத் தொட்டாலும் சூடு கையில் ஏறும். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் எங்கள் வீட்டில், 78 வயதான மாமியாரையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, விசிறியை நிறுத்திச் சிக்கனம் செய்யும் பேச்சுக்கே இடமில்லை. விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கட்டணமும் குறைய வேண்டும் என்று வழி தேடித்தான் 2023 மே மாதம் நான்கு பி.எல்.டி.சி. (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டாரில் ஓடும், மின்சாரம் குறைவாக எடுக்கும்) மின்விசிறிகளை வாங்கினோம். ஒன்றின் விலை ஏறத்தாழ 3,000 ரூபாய், அதாவது சாதாரண விசிறியைப் போல இருமடங்கு. குறை நிறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக்கே பொதுவானவை என்பதால், நிறுவனத்தின் பெயரை விடுத்து வகையையே இங்கு மதிப்பிடுகிறேன்.

சாதாரண மின்விசிறி முழு வேகத்தில் 75 வாட் அளவுக்கு மின்சாரம் எடுக்கும். பி.எல்.டி.சி. விசிறியில் சுழலும் பகுதியில் நிலைக்காந்தங்கள் இருப்பதால், அங்கே காந்தப்புலத்தை உண்டாக்குவதற்கென்று மின்சாரம் செலவாவதில்லை; அதே 1,200 மி.மீ. இறக்கைகளை 30 வாட்டை ஒட்டிய அளவிலேயே சுழற்றிவிடுகிறது. வேகத்தைக் குறைத்தால் செலவு இன்னும் வெகுவாகக் குறையும். வாங்கும் முன் இதைப் படித்திருந்தும், காற்று குறைந்துவிடுமோ என்ற ஐயம் எனக்கு இருந்தது. கூடத்தில் முதல் விசிறி ஓடிய அன்றே அது தீர்ந்தது: நாட்காட்டியின் தாள்கள் முன்பு படபடத்ததைப் போலவே படபடத்தன.

இந்த விசிறியின் உண்மையான பயன் மின்வாரியத்தின் கட்டண அட்டவணையோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் விளங்குகிறது. 2024 ஜூலைக்கு முன்வரை நடப்பிலிருந்த 2022 செப்டம்பர் கட்டணப்படி, இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, அதன்மேல் 6 ரூபாய் என்று இருந்தது. 500-ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.25 ரூபாய்ச் சலுகை கிடைக்கவில்லை, 101-லிருந்தே 4.50 ஆனது, 500-க்கு மேற்பட்டவை 8 ரூபாயில் தொடங்கின. ஆக, 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! இதை அறியாமல் ஒவ்வொரு கோடையிலும் அந்த எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தோம் என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

2023 மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு எங்கள் ஈ.பி. அட்டையில் 580 யூனிட் பதிவாகியிருந்தது. கட்டணம் 2,590 ரூபாய். மறு ஆண்டு அதே இரு மாதங்களில், அதே ஒரு டன் ஏ.சி.யும் அதே ஆட்களும் இருக்க, 470 யூனிட். கட்டணம் 1,545 ரூபாய். குறைந்தது 110 யூனிட்தான், மிச்சமானதோ 1,045 ரூபாய். ஏ.சி.யை 24-இல் வைத்திருந்தவர்கள், விசிறியை மூன்றாம் வேகத்தில் வைத்து 27-க்கு உயர்த்தியதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு. மழைக்காலத்திலும் குளிர்காலத்திலும் மிச்சம் 300 ரூபாயை ஒட்டியே நிற்கிறது. ஆகவே போட்ட 12,000 ரூபாய் திரும்ப மூன்று ஆண்டுகளாவது ஆகும். ஓராண்டிலேயே விலை திரும்பிவிடும் என்று கடையில் சொல்வதை நம்ப வேண்டாம்.

வசதி என்று பார்த்தால், நான் எதிர்பாராத இரண்டு நன்மைகள் கிடைத்தன. மாலையில் லோ வோல்டேஜ் வந்தால் பழைய விசிறிகள் சோர்ந்து சுற்றும். இவை வேகம் குறைவதே இல்லை. மின்தடையின்போது இன்வெர்ட்டர் பேட்டரியும் முன்பைவிட நெடுநேரம் தாங்குகிறது. முழங்கால் வலியுள்ள மாமியார் விடியற்காலையில் குளிர் தட்டும்போது எழுந்து நடக்காமல், படுத்தபடியே ரிமோட்டில் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறார். இந்த ஒன்றுக்காகவே அவர் அறை விசிறிக்குக் கொடுத்த விலை எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பொருத்த வந்தவர் சுவரிலிருந்த பழைய ரெகுலேட்டரை இணைப்பிலிருந்து நீக்காமலேயே போய்விட்டார். அன்றிரவு பிள்ளைகளின் அறையில் விசிறி ரீங்காரமிட்டுக்கொண்டு விட்டுவிட்டுச் சுற்றியது. மறுநாள் வேறொருவர் ரெகுலேட்டரைக் கழற்றி நேரடி இணைப்புக் கொடுத்த பின்புதான் சரியாயிற்று. பொருத்தும்போதே பக்கத்தில் நின்று இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய குறை, பழுதுபார்ப்பு. சாதாரண விசிறி மெதுவாகச் சுற்றினால் தெருமுனைக் கடையில் கண்டென்சரை மாற்றித் தருவார்கள். கம்பிச்சுருள் (காயில்) போனாலும் கட்டித் தர ஆள் உண்டு. இதிலோ எல்லாம் உள்ளிருக்கும் மின்னணு போர்டைச் சார்ந்தது. இரண்டாம் ஆண்டு ஐப்பசியில் இடி மின்னலோடு மழை பெய்த ஓர் இரவில் கூடத்து விசிறியின் போர்டு எரிந்துபோனது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் கைவிரித்துவிட்டார். உத்தரவாதம் இருந்ததால் செலவில்லை, ஆனால் புதுப் போர்டு வந்து சேரப் பதினொரு நாட்கள் ஆயின. எனவே விலையில் 200 ரூபாய் குறைகிறதா என்று பார்ப்பதைவிட, உத்தரவாதம் எத்தனை ஆண்டு, போர்டும் அதில் அடங்குமா, உங்கள் ஊரில் சர்வீஸ் ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதே முக்கியம். பில்லைப் பத்திரமாக வையுங்கள். நான் அதை ஈ.பி. அட்டையோடு ஒரே உறையில் வைத்திருக்கிறேன்.

வாங்க நினைப்பவர்கள் எல்லா அறைகளுக்கும் ஒரே நேரத்தில் வாங்க வேண்டியதில்லை. நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடும் விசிறியை முதலில் மாற்றினால் போதும். எங்கள் வீட்டில் அது மாமியார் அறையும் கூடமும். சாப்பிடும் வேளையில் மட்டும் ஓடும் சமையலறை விசிறி இன்றும் பழையதுதான். அதை மாற்ற எனக்கு எண்ணமில்லை.